பௌதிகக் கணக்கின் உள்ளே நடப்பது என்ன?

பௌதிக சாஸ்திரத்தின் பாடங்களை வரிக்கு வரி ஒப்பிக்கக்கூடிய மாணாக்கர் பலர், அந்தப் பாடங்களின் இறுதியில் அச்சிடப்பட்டிருக்கும் கணக்குகளுக்கு வந்தவுடன் திகைத்து நின்றுவிடுகிறார்கள். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையின்றிச் சொல்வார்கள். ஓம் விதியையும் லென்ஸ் விதியையும் எழுதிக் காட்டுவார்கள். உள்ளுறை வெப்பத்துக்கு இலக்கணம் கேட்டால் மறுகணமே விடை வரும். ஆயினும், இத்தனை கிராம் பனிக்கட்டியை இத்தனை கிராம் நீரில் இட்டால் முடிவில் வெப்பநிலை என்ன என்று கேட்டுவிட்டால் பேனா நகர மறுக்கிறது. கணிதம் வராமையே இதற்குக் காரணம் என்று பெற்றோரும், போதிய சூத்திரங்களை மனப்பாடம் செய்யாமையே காரணம் என்று தனிப்பயிற்சி நடத்துவோரும் கூறுவது வழக்கம். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் எனக்கு உடன்பாடானவை அல்ல. பள்ளி இறுதி வகுப்புகளிலும் கல்லூரியின் முதலாண்டிலும் வரும் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய கணிதம் சாதாரண அல்ஜீப்ராவைத் தாண்டுவதில்லை. வேண்டிய சூத்திரங்களோ இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். கணக்கில் சொல்லப்பட்ட நிகழ்ச்சி மனக்கண்முன் ஒருமுறை நடந்து முடிவதற்கு முன்பே, அதிலுள்ள எண்களை ஏதேனும் ஒரு சூத்திரத்துக்குள் இட்டு நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரந்தான் அவர்களைத் தடுமாற வைக்கிறது என்பது என் முடிவு.

இந்த அவசரம் எவ்வளவு பொதுவானது என்பதை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கிலின் சி என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1981-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டிற்று. கல்லூரி மாணவர் பலகாலமாகப் பயின்றுவரும் பிரசித்தமான பாடநூல் ஒன்றிலிருந்து 24 கணக்குகளைத் தேர்ந்தெடுத்து, பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சிலரிடமும், இயக்கவியலை ஒரு பருவம் மட்டும் கற்றிருந்த இளம் மாணவர் சிலரிடமும் கொடுத்து, எந்தக் கணக்கையும் தீர்க்காமல், ஒன்றுபோல் இருப்பவற்றை மட்டும் ஒன்றாக அடுக்கும்படி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இளம் மாணவர்கள், சாய்தளம் வருகிற கணக்குகளை ஓர் அடுக்காகவும், சுருள்வில் வருகிறவற்றை இன்னோர் அடுக்காகவும், கப்பி வருகிறவற்றை வேறோர் அடுக்காகவும் பிரித்து வைத்தார்கள். மேற்படிப்பு மாணவர்களோ, சாய்தளத்துக் கணக்கு ஒன்றையும் சுருள்வில் கணக்கு ஒன்றையும் ஒரே அடுக்கில் தயங்காமல் சேர்த்தார்கள். இரண்டிலும் ஆற்றல் அழியாமை என்ற ஒரே சித்தாந்தம் தொழிற்படுகிறது என்பது அவர்கள் கூறிய காரணம். முன்னவர்கள் கணக்கில் வரும் சாமான்களைப் பார்த்தார்கள். பின்னவர்கள் அந்தச் சாமான்களுக்கு நேர்வது என்ன என்பதைப் பார்த்தார்கள்.

நேர்வதைப் பார்ப்பது எப்படி என்பதைச் சில கணக்குகளைக் கொண்டே விளக்குவதுதான் முறை. வெப்பத்தைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் திசை, கோணம் முதலிய சிக்கல்கள் இல்லை. கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்பதே விசாரணை. இத்துறையில் நமக்கு வழிகாட்டியவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1760-ஐ அடுத்த ஆண்டுகளில் போதித்துவந்த ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர். பனிக்கட்டி உருகுநிலையை எட்டியபின், இன்னும் மிகச் சொற்பமான வெப்பம் சேர்ந்தாலே போதும், அது முழுவதும் நீராகிவிடும் என்றுதான் அவர் காலத்து அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். அவர்கள் எண்ணியது உண்மையானால், குளிர்காலம் கழிந்து காற்றில் சற்றே வெம்மை ஏறும் முதல் நாளிலேயே மலைச் சரிவுகளின் பனி முழுவதும் ஒருங்கே உருகி, அடிவாரத்து ஊர்களையெல்லாம் வெள்ளம் அடித்துச் சென்றிருக்க வேண்டும் அல்லவா என்று பிளாக் கேட்டார். அப்படி நடப்பதில்லை, பனி வாரக்கணக்கில் மெல்லமெல்லக் கரைகிறது. ஆகவே, உருகும் பனிக்கட்டி, வெப்பமானியில் சிறிதும் தோன்றாதபடி பெருமளவு வெப்பத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்று அவர் தெளிந்து, அதனை அளந்தும் காட்டினார். பூச்சியம் டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி, அதே வெப்பநிலையிலுள்ள நீராக மாற ஏறக்குறைய 80 கலோரி வேண்டும் என்பதை இன்று நாம் அறிவோம். அதே 80 கலோரி, ஒரு கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரி வரையில் சூடாக்கவல்லது. இவ்வளவு பெரிய தொகை வெப்பமானியில் காட்டாமலே செலவாகிவிடுகிறது என்பதை மறவாமல் வைத்துக்கொண்டு, கணக்குக்குப் போவோம்.

30 டிகிரியில் உள்ள 300 கிராம் நீரில், பூச்சியம் டிகிரியில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியை இடுகிறோம். பாத்திரம் கொள்ளும் வெப்பம் அற்பமென்றும், வெளியிலிருந்து வெப்பம் வருவதும் போவதும் இல்லையென்றும் வைத்துக்கொள்வோம். இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் போலவே எழுதலாம். நீர் முழுவதும் பூச்சியம் வரையில் குளிருமானால், அதனால் கொடுக்க முடிகிற மொத்த வெப்பம் 300-ஐ 30-ஆல் பெருக்கிய 9,000 கலோரி, கையிருப்பு அவ்வளவே. பனிக்கட்டி முழுவதும் உருக வேண்டிய தொகை, 100-ஐ 80-ஆல் பெருக்கிய 8,000 கலோரி. கையிருப்பு போதும், ஆதலால் பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும். மிச்சமிருக்கும் 1,000 கலோரி, இப்போது ஒன்றாகிவிட்ட 400 கிராம் நீரைச் சூடாக்கச் செலவாகும். ஆயிரத்தை நானூறால் வகுத்தால் இரண்டரை. இறுதி வெப்பநிலை 2.5 டிகிரி. சமன்பாடு என்று ஒன்றை எழுதாமலே விடை வந்துவிட்டது.

இப்போது பனிக்கட்டியின் அளவை மட்டும் 150 கிராமாக உயர்த்தி, மற்றவற்றை அப்படியே விடுவோம். சூத்திரத்தை மட்டும் நம்பிய மாணாக்கன், நீர் இழந்த வெப்பம் ஒரு பக்கம், பனிக்கட்டி உருகுவதற்கும் உருகிய நீர் சூடேறுவதற்கும் பெற்ற வெப்பம் மறுபக்கம் என்று சமன்பாடு அமைத்து, அல்ஜீப்ராவில் பிழை ஒன்றும் செய்யாமலே ஒரு விடைக்கு வந்துசேர்வான்; அந்த விடை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 6.7 டிகிரி! 30 டிகிரி நீரும் பூச்சியம் டிகிரிப் பனிக்கட்டியும் கலந்து, இரண்டையும்விடக் குளிர்ந்த ஒன்றை உண்டாக்கின என்று அந்த விடை சாதிக்கிறது. இந்த விபரீதம் எங்கிருந்து வந்தது? பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று, நிகழ்ச்சியைப் பார்க்காமலே, சமன்பாட்டை எழுதும்போதே அவன் தீர்மானித்துவிட்டான். உருகத் தேவையான தொகை 12,000 கலோரி. கையிருப்போ 9,000 கலோரிதான். ஆதலால் 9,000-ஐ 80-ஆல் வகுத்துக் கிடைக்கும் 112.5 கிராம் மட்டும் உருகும், 37.5 கிராம் பனிக்கட்டி மிதந்துகொண்டே இருக்கும்; இறுதி வெப்பநிலை பூச்சியம் டிகிரி. இந்தக் கணக்கில் மாணாக்கன் உண்மையில் கண்டுபிடிக்க வேண்டியது வெப்பநிலையையே அல்ல, எவ்வளவு பனிக்கட்டி எஞ்சுகிறது என்பதைத்தான். அதைக் கேள்வி வெளிப்படையாகச் சொல்லாது. பரீட்சைகளில் கேட்கத்தக்க மிகச் சிறந்த கணக்குகள் இவ்வகையினவே என்று நான் கருதுகிறேன். எண்ணைச் சிறிது மாற்றியதும் கதையே மாறிவிடுகிறது. மனப்பாடம் அங்கே துணைக்கு வராது.

மேலும் ஒன்று சொல்லிவிட்டு வெப்பத்தைத் தற்காலிகமாக விட்டுவிடுவோம். வெப்பம் என்பது ஒரு தனித் திரவம் என்றும், ஆக்கவோ அழிக்கவோ முடியாத பொருள் என்றும் பிளாக்கின் காலத்திலும் அதன் பின்னரும் பலர் நம்பிவந்தனர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே மது வடிக்கும் தொழிற்சாலை ஒன்றை உடைமையாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். விழும் எடைகளைக் கொண்டு நீரினுள் துடுப்புகளைச் சுழற்றி, அதனால் நீர் சூடேறுவதை 1840-ஐ அடுத்த பத்தாண்டில் அவர் மிக நுட்பமாக அளந்தார். உழைப்பும் வெப்பமும் ஒன்றுக்கொன்று நிச்சயமான விகிதத்தில் மாறுவன என்று நிறுவினார். இன்றைய அலகுகளில் சொன்னால், ஒரு கலோரி ஏறக்குறைய 4.2 ஜூலுக்குச் சமம். 160 அடி உயரத்திலிருந்து விழும் நயாகரா நதியின் நீர், விழுவதனால் மட்டும் பாரன்ஹீட் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகம் டிகிரி சூடேற வேண்டும் என்று அவர் கணக்கிட்டுச் சொன்னதும் உண்டு. இந்த 4.2 என்ற எண்ணைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி விசைகள். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில், மூன்றாம் விதியை விளக்கவந்த இடத்தில், கயிற்றில் கட்டிய கல்லை இழுத்துச்செல்லும் குதிரையை உதாரணமாகக் காட்டுகிறார்: குதிரை கல்லை எவ்வளவு விசையோடு முன்னே இழுக்கிறதோ, அவ்வளவு விசையோடு கல்லும் குதிரையைப் பின்னே இழுக்கிறது. இதைக் கேட்டதும், கூர்மையான புத்தியுள்ள மாணாக்கன் ஒருவன் எழுந்து, இரண்டு இழுப்பும் சமமானால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, குதிரையும் கல்லும் இருந்த இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும் என்று கேட்பான், கேட்கவும் வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் திரும்பத் திரும்ப எழும் இந்த ஐயத்தைக் கடிந்து அமர்த்தும் ஆசிரியர், பௌதிகத்தைக் கற்பிப்பதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பை இழக்கிறார்.

ஐயத்துக்கு விடை, எந்த விசை எந்தப் பொருளின்மேல் தொழிற்படுகிறது என்று கேட்பதில் இருக்கிறது. காகிதத்தில் கல்லைச் சுற்றி மட்டும் ஒரு கோடு போடுவோம். கோட்டுக்கு வெளியிலிருந்து கல்லைத் தொடுவனவும் இழுப்பனவும் எவை என்று மட்டும் பார்ப்போம். கயிறு முன்னே இழுக்கிறது. தரையின் உராய்வு பின்னே இழுக்கிறது. பூமி கீழே இழுக்கிறது. தரை மேலே தாங்குகிறது. கல் குதிரையை இழுக்கும் விசை இந்தப் படத்தில் இல்லை. அது குதிரையின் படத்துக்கு உரியது. தனித்த பொருளின் விசைப்படம் என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தான். கல்லின் நிறை 100 கிலோகிராம், கயிற்றின் இழுவிசை 300 நியூட்டன், உராய்வு 250 நியூட்டன் எனக் கொள்வோம். எஞ்சும் 50 நியூட்டன், 100 கிலோகிராமை இயக்குவதால், முடுக்கம் வினாடிக்கு வினாடி அரை மீட்டர். குதிரையின் நிறை 400 கிலோகிராம் என்றால், அதுவும் கல்லோடு அதே முடுக்கத்தில் போக வேண்டியிருப்பதால், அதற்கு 200 நியூட்டன் நிகர விசை வேண்டும். கயிறு அதை 300 நியூட்டனால் பின்னே இழுப்பதால், தரை அதன் குளம்புகளை 500 நியூட்டனால் முன்னே தள்ளியாக வேண்டும். குதிரையை நகர்த்துவது தரை என்ற வியப்பான உண்மை இங்கேதான் வெளிப்படுகிறது. குதிரை தரையைப் பின்னே உதைக்க, தரை குதிரையை முன்னே தள்ளுகிறது. வழுக்கும் பனித்தளத்தில் நிறுத்திவிட்டால், எவ்வளவு வலிமையுள்ள குதிரையாலும் எதையும் இழுக்க முடியாது.

இந்த விடை சரிதானா என்று சோதிக்க வேறொரு வழியும் உண்டு. குதிரை, கயிறு, கல் மூன்றையும் சேர்த்துச் சுற்றிலும் ஒரே கோடாகப் போடுவோம். இப்போது கயிற்றின் இழுப்பு உள்விவகாரம் ஆகிவிட்டது. கணக்கில் அதற்கு இடமில்லை. வெளியிலிருந்து வருவன, முன்னே 500, பின்னே 250. மிச்சம் 250 நியூட்டன். மொத்த நிறை 500 கிலோகிராம். முடுக்கம் மறுபடியும் அரை மீட்டரே. இரண்டு வழியில் வந்தும் ஒரே விடை கிடைக்கும்போது உண்டாகும் நிச்சயத்துக்கு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் வரும் திருப்தி ஈடாகாது. கோட்டை எங்கே போடுவது என்பது கணக்குப் போடுபவரின் சுதந்திரம். அந்தச் சுதந்திரம் தமக்கு உண்டென்பதே மாணாக்கர் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

விசைக் கணக்குகளில் இன்னொரு பழைய மயக்கம் உண்டு. நகரும் பொருள் எதுவானாலும் அதை நகர்த்தும் விசை ஒன்று அதன்மேல் இருந்தே தீரும் என்ற எண்ணம், அரிஸ்டாட்டிலின் காலத்திலிருந்து மனித சுபாவத்தில் ஊறியது. செங்குத்தாக மேலே எறிந்த பந்து உயரே செல்லும்போது அதன்மேல் செயற்படும் விசைகளை வரையச் சொன்னால், கையின் விசை என்று மேல்நோக்கி ஓர் அம்புக்குறியைப் பலர் சேர்த்துவிடுவார்கள். கையை விட்டு அகன்ற கணத்திலேயே கையின் விசை முடிந்துபோயிற்று. காற்றின் தடையைத் தள்ளிவிட்டால், ஏறும்போதும், உச்சியில் நிற்பதாகத் தோன்றும் கணத்திலும், இறங்கும்போதும் அதன்மேல் உள்ளது பூமியின் ஈர்ப்பு ஒன்றே. உச்சியில் திசைவேகம் பூச்சியம். முடுக்கமோ அங்கும் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்தான்.

மின்சாரமும் காந்தமும் சேரும் கணக்குகளில், மாணாக்கர்கள் அச்சத்தின் எல்லைக்கே போய்விடுகிறார்கள். விசையைத் தசைகளால் உணர்கிறோம், வெப்பத்தைத் தோலால் உணர்கிறோம். காந்தப்புலத்தை உணர நமக்குப் புலன் இல்லை. ஆனால், இத்துறையின் ஆதி வரலாறு ஒரு பெரிய ஆறுதலைத் தருகிறது. 1820-இல், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓர்ஸ்டெட் என்னும் பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமானால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா என்று தேடி, 1831 ஆகஸ்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெற்றிகண்டவர் மைக்கேல் பாரடே. பாரடே கொல்லனின் மகன். புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்றவர். உயர் கணிதம் கற்க வாய்க்காதவர். அவருடைய எழுத்துகளில் சமன்பாடுகளைக் காண்பது அரிது. காந்தத்தைச் சூழ்ந்த வெளியை நிறைத்து நிற்கும் விசைக்கோடுகளை அவர் மனத்தில் வரைந்துகொண்டு, கம்பி அக்கோடுகளை வெட்டும்போது மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார். அந்தச் சித்திரத்துக்குப் பின்னாளில் மாக்ஸ்வெல் கணித வடிவம் கொடுத்தார். சித்திரம் முன்னே வந்தது, சமன்பாடு பின்னே வந்தது. கற்பவருக்கும் அதுவே இயல்பான வரிசை.

முன்சொன்ன மூன்று துறைகளும் ஒன்றுகூடும் கணக்கு ஒன்றை இங்கே விரிவாகப் பார்ப்போம். அரை மீட்டர் இடைவெளியில் செங்குத்தாக நிற்கும் இரண்டு உலோகத் தண்டவாளங்கள்; அவற்றின் மேல்முனைகளை 0.2 ஓம் மின்தடை ஒன்று இணைக்கிறது. 50 கிராம் நிறையுள்ள ஓர் உலோகத் தண்டு, கிடையாக இருந்தபடி, இரண்டு தண்டவாளங்களையும் தொட்டுக்கொண்டு உராய்வின்றிக் கீழே வழுகி வருகிறது. தண்டவாளங்கள் அமைந்த தளத்துக்குச் செங்குத்தாக, கிடைத்திசையில், ஒரு டெஸ்லா காந்தப்புலம் எங்கும் பரவியிருக்கிறது. தண்டு எப்படி இயங்கும்?

எண்களைத் தொடாமல், முதலில் நடப்பதைப் பார்ப்போம். விட்ட கணத்தில் தண்டு அசையாமல் இருக்கிறது. ஆதலால் மின்சாரம் இல்லை. எடை மட்டுமே இழுக்க, எந்தப் பொருளையும் போலத் தடையின்றி விழத் தொடங்குகிறது. வேகம் பிறந்ததும் அது விசைக்கோடுகளை வெட்டுகிறது. மின்னியக்கு விசை பிறக்கிறது. தண்டு, தண்டவாளங்கள், மின்தடை ஆகிய சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் பாயும் தண்டு காந்தப்புலத்தில் இருப்பதால், அதன்மேல் புதிய விசை ஒன்று எழுகிறது. அந்த விசை மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா? கைவிரல்களை மடக்கியும் நீட்டியும் திசை காணும் விதிகளைப் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. அவற்றின் துணையின்றியே இதைத் தீர்மானிக்கலாம். அது கீழ்நோக்கி இருக்குமானால், விழும் தண்டு மேலும் வேகம் பெறும். வேகம் கூடினால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் கீழ்நோக்கிய விசை மேலும் கூடும். யாரும் ஒன்றும் செலவிடாமலே தண்டு எல்லையற்ற வேகமும் மின்தடை எல்லையற்ற வெப்பமும் பெறும். உலகில் அவ்வாறு ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் பிறப்பதில்லை. ஆகவே விசை மேல்நோக்கியே இருந்தாக வேண்டும். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த லென்ஸ் என்னும் அறிஞர் 1834-இல் அறிவித்த விதி, ஆற்றல் அழியாமையின் மற்றொரு முகமே என்பது இங்கே விளங்கும்.

வேகம் ஏற ஏற மேல்நோக்கிய விசையும் ஏறுகிறது. ஏறிக்கொண்டே போய், ஒரு வேகத்தில் அது எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குமேல் நிகர விசை இல்லை. தண்டு சீரான வேகத்தில் இறங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். நிகழ்ச்சி முழுவதும் கண்முன் வந்துவிட்ட பின்பு, எண்களுக்கு வருவோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், எடை 0.5 நியூட்டன். தண்டின்மேல் காந்தவிசை, புலம், மின்னோட்டம், நீளம் மூன்றின் பெருக்கம், அது 0.5 நியூட்டன் ஆக வேண்டுமானால் மின்னோட்டம் ஒரு ஆம்பியர். ஒரு ஆம்பியர், 0.2 ஓம் வழியே பாய 0.2 வோல்ட் வேண்டும். மின்னியக்கு விசை என்பது புலம், நீளம், வேகம் மூன்றின் பெருக்கமாதலால், வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். காந்தம் இல்லாதிருந்தால் ஒரு வினாடியில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தை எட்டியிருக்கும் தண்டு, ஒரு நடைக்கும் குறைந்த வேகத்தில் சாவதானமாக இறங்குகிறது. அந்த வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை, ஐந்தில் ஒரு வினாடி கழிவதற்குள் எட்டியும் விடுகிறது.

இறங்கும் தண்டு வினாடிதோறும் நிலை ஆற்றலை இழக்கிறது; வேகமோ கூடவில்லை. இழந்த ஆற்றல் எங்கே போயிற்று? 0.5 நியூட்டன் எடை, வினாடிக்கு 0.4 மீட்டர் இறங்குவதால், இழப்பு வினாடிக்கு 0.2 ஜூல். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் சுற்றில் பிறக்கும் வெப்பம் கிடைக்கும் என்பதும் ஜூல் கண்ட விதியே. ஒரு ஆம்பியரின் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்க, வினாடிக்கு 0.2 ஜூல். ஒரு துளி குறையவில்லை, கூடவில்லை. புலம் வேண்டிய உயரத்துக்குப் பரவியிருக்குமானால், 21 வினாடிகளில் தண்டு 8.4 மீட்டர் இறங்கும். அதற்குள் பிறந்த வெப்பம் 4.2 ஜூல், நாம் நினைவில் வைத்துக்கொண்ட எண் இதுவே, ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது. பிளாக், நியூட்டன், பாரடே, ஜூல் ஆகிய நால்வரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கருவிகளோடு தேடியவை இந்தச் சிறு கணக்கில் ஒன்றையொன்று சந்தித்து ஒத்துப்போவதைப் போன்ற இன்பத்தை, பௌதிகத்தின் தொடக்கப் பாடங்களில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

விடை கிடைத்ததும் கணக்கை மூடிவிடாமல், அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும். முற்றுத் திசைவேகத்துக்கான கோவையை எழுதிப் பார்த்தால், எடையையும் மின்தடையையும் பெருக்கி, புலத்தின் வர்க்கத்தாலும் நீளத்தின் வர்க்கத்தாலும் வகுப்பதாக அது அமையும். காந்தப்புலம் மறைந்துவிட்டால் கோவை எல்லையற்ற வேகத்தைச் சொல்கிறது. தடுப்பார் இல்லாத வீழ்ச்சி அதுதான். சுற்றைத் துண்டித்து, மின்தடையை எல்லையற்றதாக்கினாலும் அவ்வாறே. காந்தத்தின் துருவங்களை மாற்றி வைத்தால்? புலம் வர்க்கமாக வருவதால் வேகம் மாறாது. மின்னோட்டம் திசை மாறும், ஆனால் விசை மேல்நோக்கியே இருக்கும். எடையை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்ற கடைசி உண்மை, நம்முடைய வீடுகளிலேயே பல்லாண்டுகள் உழைத்திருக்கிறது. பழைய மின்சார மீட்டர்களின் கண்ணாடிக்குள் மெதுவாகச் சுழன்ற அலுமினியத் தட்டை நினைவுகூருங்கள். வீட்டில் செலவாகும் மின்திறனுக்கு ஏற்ற முறுக்கம் அதைச் சுழற்றும். அதன் விளிம்பைக் கவ்வி நிற்கும் நிலைக்காந்தம், வேகத்துக்கு ஏற்றபடி அதைத் தடுக்கும். இரண்டும் சமமாகும் வேகம் மின்திறனுக்கு நேர்விகிதமாகும். ஆதலால் சுற்றுகளை எண்ணினாலே செலவான மின்சாரத்தை அறியலாம். தட்டுக்கும் நம் தண்டுக்கும் உருவத்தில் ஒற்றுமை இல்லை; நடப்பது ஒன்றே.

அலகுகளைப் பற்றி ஒரு சொல். கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறப்பதும், கலோரியையும் ஜூலையும் கலப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும் அற்பப் பிழைகள் என்று மாணாக்கர் கருதுகிறார்கள். 1999 செப்டம்பரில், செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அங்கேயே அழிந்துபோனதற்குக் காரணம் இத்தகைய பிழைதான்: ஒரு தரப்பின் கணினி நிரல் பவுண்டு அலகில் கொடுத்த அளவை மறு தரப்பு நியூட்டன் அலகில் உள்ளதாக எடுத்துக்கொண்டது, முன்னது பின்னதைப்போல் ஏறக்குறைய நாலரை மடங்கு. அலகு இல்லாத எண்ணுக்குப் பௌதிகத்தில் பொருளில்லை. ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதி வருபவரிடம் இப்பிழை அண்டாது.

கேள்வித்தாள் அமைப்போருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் பத்துக் கணக்குகளைக் கரும்பலகையில் போட்டு முடிப்பதைக் காட்டிலும், ஒரே கணக்கை எடுத்து, எண்களை மறைத்துவைத்து, முதலில் என்ன நடக்கும், அடுத்து என்ன நடக்கும், எங்கே போய் முடியும் என்று வகுப்பு முழுவதையும் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். படம் வரையாமல் சமன்பாடு எழுத விடாதீர்கள். விடையைச் சோதித்துப் பார்த்ததற்கும், அபத்தமான விடையை அபத்தம் என்று கண்டு அடித்துவிட்டதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பனிக்கட்டியை 150 கிராமாக்கியது போன்ற மாற்றம் ஒன்றையேனும் ஒவ்வொரு பரீட்சையிலும் வையுங்கள்.